கொரங்காட்டுக்குப் பறவை பார்க்க வரும் நண்பர்களுக்கு

வணக்கம்ங்க.

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் கொஞ்சம் கொரங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காடு, வைத்துக்கொண்டு நாலு மாடும் ஒரு பட்டி ஆடும் மேய்க்கிறவன் எழுதுகிறேன். பங்குனி பிறந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் பைனாகுலரோடு வருகிறீர்கள். தாராளமாக வாருங்கள், அதில் ஒன்றும் இல்லை.

முதலில் பழைய கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். போன வருசம் ஒரு குழு படலைச் சாத்தாமல் கிளம்பிவிட்டது. இரண்டு கிடாரிகள் பக்கத்து முருங்கைத் தோட்டத்தில் இறங்கிவிட்டன, காய் பிடித்திருந்த நேரம். அன்றைக்குப் பங்காளியிடம் நான் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அப்புறம் கவுதாரி. செல்போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்கிறீர்கள். கண்ணி வைக்கிறவர்களும் பழக்கின கவுதாரியைக் கத்தவிட்டுத்தான் பிடிப்பார்கள். விடியற்காலையில் வேலி ஓரம் அந்தச் சத்தம் கேட்டால் ஊரில் உங்களை என்ன நினைப்பார்கள், யோசியுங்கள்.

ஆள்காட்டி விஷயம் இன்னும் மோசம். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி கூடெல்லாம் கட்டாது. சரளை மண்ணில் லேசாகக் குழி பறித்து நாலு முட்டை இடும். கல்லா முட்டையா என்று தினமும் நடக்கிற எனக்கே தெரியாது. வெயில் ஏறினால் தாய் குட்டைக்குப் போய் அடிவயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். கேமராவோடு நீங்கள் பத்தடியில் குத்தவைத்தால் அது கத்திக்கொண்டே வட்டமடிக்குமே தவிர உட்காராது. அந்த நேரத்தில் முட்டை வெந்து போகும்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. சென்ற மாதம் உங்களில் ஒருவர் தன் பட்டியலைக் காட்டினார். வானம்பாடி, நெட்டைக்காலி, பனங்காடை, வடக்கே கிளம்பப் போகிற ஒரு பூனைப்பருந்து, எல்லாம் இருந்தது. இடத்தின் பெயருக்கு நேரே 'தரிசு நிலம்' என்று இருந்தது.

தரிசு இல்லைங்க. கிளுவை வேலி நட்டு, கொழுக்கட்டைப் புல் காத்து, வெள்வேல மரத்தை வெட்டாமல் விட்டு, காடு மாற்றிக் காடு மாடு ஓட்டுகிறோம். மாடே வாய் வைக்காத காட்டில் புல் மண்டிவிடும், வானம்பாடி இறங்காது. மொட்டையாக மேய்ந்த காட்டில் கவுதாரிக்கு ஒளிய இடமிருக்காது. இரண்டுக்கும் நடுவே மேய்ச்சலை வைத்திருப்பதால்தான் சாம்பல்தலை வானம்பாடி உயரே போய் விசிலடித்துக்கொண்டு விழுகிற கூத்தை உங்களால் பார்க்க முடிகிறது.

வெள்ளோட்டுக் குளம் 2022-லும் நஞ்சராயன் குளம் 2024-லும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறின. சந்தோசம்தான். தண்ணீர்ப் பறவைக்குச் சரணாலயம் இருக்கிறது. புல்வெளிப் பறவைக்கு இந்தப் பக்கம் இருப்பது எங்கள் பட்டா நிலம்தான். சர்க்காரின் தரிசு நில வரைபடத்திலும் புதர் நிலம் தரிசுக் கணக்கில்தான் வருகிறது. அப்படிப் பெயர் விழுந்த இடத்துக்கு அடுத்து வருகிறவன் சைட் போடவோ சோலார் பலகை நடவோதான் வருவான். விற்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மாடு வைத்துப் பிழைப்பது அவ்வளவு லேசு இல்லை. ஆனால் அந்தப் பெயரை நீங்களும் சேர்ந்து வைக்காதீர்கள். 'கொரங்காடு' என்றே எழுதுங்கள். பழைய பட்டியல்களிலும் முடிந்தால் திருத்துங்கள்.

சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்த பிறகு வந்தால் நன்றாக இருக்கும். முந்தின நாளே சொல்லிவிடுங்கள், மாட்டை அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுகிறேன். படலுக்குப் புதுக் கயிறு கட்டியிருக்கிறேன். தொட்டிக்கு மேற்கே மட்டும் போக வேண்டாம், அங்கே ஒரு ஆள்காட்டி அடையில் உட்கார்ந்திருக்கிறது.