எல்லை எழுதாத பத்திரம்: ராபர்ட் லிவிங்ஸ்டனுக்கு

மதிப்பிற்குரிய லிவிங்ஸ்டன் ஐயா,

வட அமெரிக்காவின் நடுவே இருந்த லூசியானா என்ற பெரும் நிலப்பரப்பு 1803இல் பிரான்சிடமிருந்து அமெரிக்காவுக்கு விலைக்குக் கைமாறிய கதையைச் சொல்பவர்கள், அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன், பிரான்சை ஆண்ட நெப்போலியன் என்று இரண்டு பெயரோடு முடித்துவிடுகிறார்கள். காதும் சரியாகக் கேட்காமல், பிரெஞ்சும் சரளமாக வராமல் அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் டாலிராண்டோடு மல்லுக்கட்டிய உங்களை யாரும் நினைப்பதில்லை. உங்களிடம் கேட்க எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன, அதனால் நேராகவே எழுதுகிறேன்.

உங்கள் அரசு கேட்டது நியூ ஆர்லியன்ஸும் அதற்குக் கிழக்கே இருந்த ஃபுளோரிடாக்களும்தான். கென்டக்கி, டென்னசி விவசாயிகள் விளைந்ததை மிசிசிப்பி வழியாகத்தான் கடலுக்கு அனுப்ப வேண்டும். லூசியானாவை ஸ்பெயின் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டிருந்தாலும் நிர்வாகம் இன்னும் ஸ்பெயின் கையில்தான் இருந்தது. 1802 அக்டோபரில் ஸ்பானிய அதிகாரி நியூ ஆர்லியன்ஸில் சரக்கு இறக்கி வைக்கும் உரிமையை நிறுத்தியதும் சண்டைக்கே போகலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. இந்த நேரத்தில், 1803 ஏப்ரல் 11 அன்று, மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால் என்ன தருவீர்கள் என்று டாலிராண்ட் கேட்கிறார். நீங்களோ வேண்டாம், நியூ ஆர்லியன்ஸும் ஃபுளோரிடாவும் போதும் என்கிறீர்கள்! படிக்கும்போது சிரிப்பு வந்தது.

அந்த வாய்ப்பு உங்கள் சாமர்த்தியத்தால் மட்டும் வந்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும். பிரான்சின் கரீபியக் குடியேற்றமான செயின்ட் டொமிங்கில் விடுதலை பெற்ற அடிமைகளும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து நெப்போலியனின் படையை அழித்தார்கள், தளபதி லெக்லெர்க்கும் செத்துப்போனார். அந்தத் தீவு இல்லாமல் லூசியானாவை வைத்துக்கொண்டு நெப்போலியன் என்ன செய்வார்? அந்த மக்களின் தலைவர் டூசான் லூவர்டூர் பிரெஞ்சுச் சிறையில் இறந்தது ஏப்ரல் 7, டாலிராண்ட் உங்களிடம் பேச்செடுப்பதற்கு நான்கு நாள் முன்பு. அவர்கள் உண்டாக்கிய ஹெய்ட்டியை உங்கள் நாடு அங்கீகரித்தது 1862இல்தான். நன்றிக்கடன் தீர்த்த அழகு இது.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன். ஒன்றரைக் கோடி டாலர். நம்மூரில் அரை கிரவுண்டு மனை வாங்கினாலே வில்லங்கம் பார்த்து, நாலு பக்கமும் எல்லை எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டோம். நீங்கள் என்ன எழுதினீர்கள்? ஸ்பெயின் கையில் இப்போது இருக்கும் பரப்பு, முன்பு பிரான்ஸ் வைத்திருந்தபோது இருந்த பரப்பு. இரண்டும் ஒன்றில்லையே ஐயா! எல்லை எங்கே என்று கேட்டதற்கு டாலிராண்ட் வழி சொல்லவில்லை, உங்களுக்கு நல்ல பேரம் படிந்திருக்கிறது, அதை முடிந்தவரை பயன்படுத்திக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன் என்றார். வில்லங்கமும் இருந்தது: வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று பிரான்ஸ் வாக்குக் கொடுத்திருந்ததாக ஸ்பெயின் கத்தியது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீங்கள் டாலிராண்ட் சொன்னபடியே செய்தீர்கள். மேற்கு ஃபுளோரிடாவைத் தனியாக விலைக்குக் கேட்டு மாதக்கணக்கில் அலைந்தவரே, கையெழுத்தான கொஞ்ச நாளில், அதுவும் இதற்குள் அடக்கம், கிழக்கே பெர்டிடோ ஆறு வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் நாட்டு வெளியுறவுச் செயலர் மாடிசனுக்கு எழுதுகிறீர்கள். அப்புறம் 1810இல் மேற்கு ஃபுளோரிடாவின் பேட்டன் ரூஜில் குடியேறிகள் கலகம் செய்து ஸ்பானியக் கோட்டையைப் பிடித்தபோது, அதிபராக இருந்த அதே மாடிசன், 1803 ஒப்பந்தத்தையே காட்டி அந்தப் பகுதியைத் தன் நாட்டோடு சேர்த்தார்.

எல்லை தெரியாதது உங்கள் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. தெரியாமல் இருப்பதுதான் லாபம் என்று சீக்கிரமே புரிந்துகொண்டீர்கள். அந்த மண்ணில் இருந்த ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. பூர்வகுடிகளோடு ஸ்பெயின் செய்த உடன்படிக்கைகளை மதிப்போம், மாற்றினால் இருதரப்புச் சம்மதத்தோடுதான் என்று ஆறாவது விதியில் எழுதினீர்கள். 1808லேயே மிசௌரி, ஆர்கன்சா பக்கம் பெரும் நிலப்பரப்பை அவர்களிடமிருந்து எழுதி வாங்கியாயிற்று.

நீங்கள் 1813இல் போய்விட்டீர்கள். 1819இல்தான் ஸ்பெயினோடு உட்கார்ந்து பசிபிக் வரை கோடு போட்டார்கள், அதில் டெக்சாஸ் தங்களுக்கு வேண்டாம் என்று விட்டும் கொடுத்தார்கள். 1844 அதிபர் தேர்தலில் வேட்பாளர் போல்க்கின் கட்சி, டெக்சாஸ் 1803லேயே நாம் வாங்கியதுதான், திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று உங்கள் பத்திரத்தை மறுபடி தூசி தட்டியது.