நீ உட்காரப்போகும் அந்த அறைக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. உடனே பதில் போடத்தான் நினைத்தேன். முழங்கால் வலி படுக்க வைத்துவிட்டது. இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறேன், கவலைப்படாதே. அம்மாவுக்குக் காதுதான் இன்னும் மந்தமாகிவிட்டது, மற்றபடி நன்றாக இருக்கிறாள். உன் கடிதத்தைச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன். "சின்ன வயசிலேயே அடுத்தவர் சண்டைக்கு நியாயம் சொல்லப் போகிறவள்தானே அவள்" என்றாள். உன்னை இன்னும் பள்ளிக்கூடப் பையோடுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வாரத்தில் இரண்டு நாள் கோர்ட்டை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் ஓர் அறையில் உட்கார்ந்து, அங்கே வரும் ஏழைப் பெண்களுக்குச் சட்ட உதவி செய்யப் போகிறாய் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். "சமூகப் பணியாளராக இத்தனை வருஷம் வார்டிலேயே கிடந்தவள் நீ, எங்கே தொடங்குவது என்று சொல்" என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன், அதிலிருந்துதான் மற்றதெல்லாம் எனக்குப் புரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெண் மூச்சிரைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. டாக்டர் மருந்து எழுதிவிட்டு என்னிடம் அனுப்பினார். பேச்சுக் கொடுத்தபோது ஒவ்வொன்றாக வந்தது. கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். இருக்கும் ஒரே அறையின் சுவர் முழுக்க ஈரம். வீட்டு வேலை செய்த இடத்தில் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. நான் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் மூன்று முகவரிகளை அழகாக எழுதினேன்: சட்ட உதவிக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று, தங்குவதற்கு ஒன்று. அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனாள். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அதே குழந்தை, அதே இரைப்பு. பழைய சீட்டை எடுக்க அவள் சின்ன பர்ஸைத் திறந்தாள். நான் எழுதிக் கொடுத்தது உள்ளே இருந்தது. நான்காக மடித்து, மடிப்பு இருந்த இடமெல்லாம் நைந்து, எழுத்து பாதி அழிந்து. ஓர் இடத்துக்கும் அவள் போயிருக்கவில்லை. ஓர் அலுவலகம் அவள் வேலைக்குப் போகிற நேரத்தில்தான் திறந்திருக்கும். போனால் அன்றைய கூலி போச்சு. இன்னொன்றில் அடையாள அட்டை கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அட்டை மாமியார் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. மூன்றாவது எந்தக் கட்டடம் என்று கேட்கவே பயம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "மன்னிச்சுக்கங்க அக்கா" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! அந்த வார்த்தை இன்னும் என்னைக் குத்துகிறது.

அவளைப் பொறுத்தவரை அது ஒரே கஷ்டம். அதை மருத்துவம், சட்டம், உதவித்தொகை என்று மூன்று துண்டாக வெட்டி, மூன்று ஜன்னலுக்கு அனுப்பியது நாம்தான். அந்த மூன்று ஜன்னலுக்கும் நடக்கிற வேலையை, நேரமும் பணமும் தெம்பும் எல்லாரையும்விடக் குறைவாக உள்ளவள் தலையில் வைத்தோம். 1971இலேயே வேல்ஸில் வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் இதை எழுதிவைத்தார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று. மருத்துவத்தைப் பற்றி அவர் சொன்னது சட்ட உதவிக்கும் பொருந்தும்.

அந்தக் குழந்தையின் இரைப்பைப் பற்றி உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ செய்யப்போகும் வேலையே ஏறக்குறைய அப்படி ஓர் இரைப்பில்தான் தொடங்கியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் பாரி சக்கர்மேன் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். ஆஸ்துமாவோடு வரும் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து அனுப்புவார்; பூஞ்சை பிடித்த அதே வீட்டுக்குத் திரும்பிப் போய், குழந்தை மறுபடியும் வரும். வீட்டுக்காரர்களுக்கு டாக்டர்கள் கடிதம் எழுதிப் பார்த்தார்கள், யாரும் அசையவில்லை. 1993இல் அவர் ஒரு வக்கீலை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார். டாக்டர் கடிதத்துக்கு மசியாத வீட்டுக்காரர் வக்கீல் கடிதத்துக்கு மசிவார் இல்லையா? சுவர் சரியானால் மூச்சும் சரியாகும். அந்த யோசனை பிறகு அந்த நாட்டின் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் பரவியது. ஆகவே நீ அங்கே உட்காருவதை யாராவது "ஆஸ்பத்திரியில் வக்கீலுக்கு என்ன வேலை" என்று கேட்டால், இந்தக் கதையைச் சொல். சிகிச்சையில் ஒரு பாதி உன் கையில்தான் இருக்கிறது.

அப்புறம் நீ கேட்ட அந்தக் கேள்வி. "கோர்ட் எல்லாருக்கும் திறந்துதானே இருக்கிறது, மனு எழுதிக் கொடுத்தால் போதாதா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் கூட நிற்க வேண்டுமா என்று என் ஜூனியர்கள் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். அவர்களிடம் ஜோஸி ஏரியின் வழக்கைப் படிக்கச் சொல். அயர்லாந்தில் கார்க் நகரத்துப் பெண், கடையில் விற்பனை வேலை, நான்கு குழந்தைகள். குடித்துவிட்டு அடித்த கணவனிடமிருந்து சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும் என்று கேட்டாள். அப்போது அந்த நாட்டில் விவாகரத்தே கிடையாது. பிரிந்து வாழும் உத்தரவுக்கே உயர் நீதிமன்றம் போக வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லை, சட்ட உதவியும் இல்லை. வருஷக்கணக்கில் அலைந்துவிட்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனாள். அங்கே அவளுக்காக வாதாடியவர்களில் ஒருவர் மேரி ராபின்சன், பிற்பாடு அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானவர்.

அரசாங்கம் என்ன சொன்னது தெரியுமா? "யார் தடுத்தார்கள், வக்கீல் இல்லாமல் அவளே வந்து வாதாடலாமே" என்றது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1972 முதல் 1978 வரை அப்படிப் பிரிவு கேட்டு அந்த நாட்டில் தொடுத்த வழக்குகள் 255. ஒன்றில்கூட மனுதாரர் வக்கீல் இல்லாமல் நின்றதில்லை. சாட்சி, சட்ட நுணுக்கம் எல்லாம் போக, சொந்தத் திருமணத்தின் காயத்தோடு நிற்பவளால் நிதானமாக வாதாட முடியாது என்பதையும் நீதிபதிகள் பார்த்தார்கள். காகிதத்தில் இருக்கும் உரிமை போதாது, கைக்கு வந்து பயன்பட வேண்டும் என்று 1979 அக்டோபரில் தீர்ப்பளித்தார்கள். அதன்பின் அங்கே சிவில் வழக்குகளுக்கும் சட்ட உதவித் திட்டம் வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நைந்த சீட்டுதான் ஞாபகம் வரும். மூன்று கதவும் திறந்துதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவள் நானும்தானே.

சரி, வேலைக்கு வருகிறேன். உன்னிடம் வருபவள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வருவாள். அந்தப் பைதான் அவளுடைய பீரோ. பிறப்புச் சான்று, பழைய மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே கவர், பள்ளிக்கூட ரசீது, யாரோ கையெழுத்துப் போட்ட ஏதோ ஒரு காகிதம், எல்லாம் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். மேஜையில் இடம் விட்டு, அவளையே ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல். நீ எடுக்காதே. எடுத்து வைக்கும்போதே கதை வரும். நீ கேள்வி கேட்டால் வராத கதை. ஒரு காகிதத்தில் பேர் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும். ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக ஒரு வருஷம் உதவித்தொகை நின்றுபோனவளை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாளே பேரையும் பிறந்த தேதியையும் எல்லாக் காகிதத்திலும் ஒத்துப் பார். நகல் எடுத்து ஒரு கட்டு உன்னிடம் வைத்துக்கொள். வீட்டில் சண்டை வந்தால் முதலில் கிழிபடுவது இந்தக் காகிதங்கள்தான்.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. கணவன் பக்கத்தில் நிற்கும்போதோ, மாமியார் உட்கார்ந்திருக்கும்போதோ "வீட்டில் பிரச்சினையா" என்று கேட்டுவிடாதே. விவரம் தெரிந்த குழந்தை மடியில் இருந்தாலும் கேட்காதே. அது வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடும். ரத்தம் எடுக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும் என்று நர்ஸ் அவளைத் தனியே அழைத்துப் போகட்டும், அங்கே கேட்கலாம். உலகத்தில் ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருத்தி வாழ்நாளில் அடியையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்திருக்கிறாள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் உன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர்! அதே நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்கு எழுதிய கையேட்டில் முதலில் சொல்வது, கேள் என்பதுதான். காது கொடுத்துக் கேள், என்ன வேண்டும் என்று விசாரி, நம்புகிறேன் என்று தெரியப்படுத்து, அவள் பாதுகாப்பைப் பார், பிறகு உதவிகளோடு சேர்த்து விடு. வக்கீல்களுக்கு முதல் மூன்றும் கஷ்டம், தோழி. நீங்கள் ஐந்தாவதிலிருந்து தொடங்குவீர்கள். அவள் வழக்கு வேண்டாம் என்று சொன்னால் கோபப்படாதே. என்றைக்குக் கிளம்பினால் உயிருக்கு ஆபத்து என்பது நம்மைவிட அவளுக்குத்தான் தெரியும். பிரிந்து கிளம்புகிற நேரம்தான் அதிக ஆபத்தான நேரம்.

மலேசியாவில் 1990களில் ஆஸ்பத்திரிகளில் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். அடிபட்டு வரும் பெண்ணை அவசரப் பிரிவிலிருந்து ஒரு தனி அறைக்கு அழைத்துப் போய்விடுவார்கள். டாக்டர், ஆலோசகர், சமூகப் பணியாளர், வேண்டுமானால் போலீஸ், எல்லாரும் அங்கே அவளைத் தேடி வருவார்கள். அவள் இடத்தை விட்டு நகர வேண்டியதில்லை, நடந்ததை ஏழு பேரிடம் ஏழு முறை சொல்ல வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் இதற்கு ஆளும் பணமும் இருக்காதுதான். உன் அறைக்கும் இருக்காது. ஆனால் ஒரு டெலிபோனும் கூடப் போக ஒரு ஆளும் இருந்தாலே பாதி செய்யலாம். அவளை உட்கார வைத்துக்கொண்டே அடுத்த அலுவலகத்துக்கு நீயே போன் பண்ணு. யாரைப் பார்க்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டு எழுது. முதல் தடவை ஒரு தன்னார்வலரைக் கூட அனுப்பு. அந்த நைந்த சீட்டுக்கு அப்புறம் நான் அப்படித்தான் செய்தேன். அதே பெண்ணோடு நானே கிளம்பிப் போனேன். ஒரே காலையில் இரண்டு மனு முடிந்தது. வீடு மாற நாலு மாதம் ஆயிற்று. குழந்தை அதற்குப் பிறகு இரைப்புக்காக அவசரப் பிரிவுக்கு வந்து நான் பார்க்கவில்லை.

உனக்குப் பிடிக்கும் என்று இன்னொருத்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரன்ஸ் கெல்லி. அடிக்கும் கணவனிடமிருந்து மூன்று குழந்தைகளோடு சிகாகோவுக்கு ஓடிவந்து, 1891 கடைசியில் ஹல் ஹவுஸ் கதவைத் தட்டினாள். ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பின் நடுவே 1889இல் தொடங்கிய இல்லம் அது. அவளுக்கு அங்கே இடம் கொடுத்தார்கள், குழந்தைகள் பத்திரமாக இருக்க ஒரு நண்பர் குடும்பத்தை ஏற்பாடு செய்தார்கள், அவளால் முடிந்த வேலையையும் தேடிக் கொடுத்தார்கள். குழந்தைகள் தன்னிடமே இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் போராடி வென்றாள். இரண்டே வருஷத்தில் இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர். 1895இல் சட்டப் பட்டம். பிறகு வாழ்நாள் முழுக்கக் குழந்தைத் தொழிலாளர்களுக்காகவும் வேலை செய்யும் பெண்களுக்காகவும் சட்டம் கேட்டுப் போராடினாள். அவள் படித்தவள், செல்வாக்கான வீட்டில் பிறந்தவள், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் அன்று ராத்தங்க ஓர் இடமும் குழந்தைகளைப் பார்க்க ஓர் ஆளும் கிடைத்த பிறகுதான் கோர்ட் படியேற முடிந்தது. அந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள். படுக்க இடம், குழந்தைக்கு ஆள், அப்புறம் வழக்கு.

கடைசியாகப் பலகை. அறைக்கு வெளியே என்ன எழுதுவது என்று கேட்டிருந்தாய், நீ அனுப்பிய மூன்று பெயரும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் "வன்முறை" என்றோ "பெண்கள் பாதுகாப்பு" என்றோ எழுதிய கதவுக்குள் ஒருத்தி நுழைவதை வெளியே நிற்கிற கணவனும் பார்ப்பான். "தகவல், உதவி" என்று மட்டும் எழுது. மருந்துச் சீட்டில் சந்தேகம் கேட்கப் போனேன் என்று அவள் சொல்லிக்கொள்ளலாம். மேஜைக்கு எதிரே நாற்காலி போடாதே, பக்கவாட்டில் போடு. தரையில் ஒரு பாயும் நாலு பொம்மையும் வை, குழந்தை அழுதால் தாய் பாதியில் எழுந்துவிடுவாள். இரண்டாவது கதவு இருக்கிற அறையாகக் கேட்டுப் பார், கிடைத்தால் அதிர்ஷ்டம்.

முழங்கால் சரியானதும் ஒரு வாரம் வந்து உன்னோடு உட்காருகிறேன். அந்தப் பைகளைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரி