பாராட்டு விழாப் பணத்தில் மைதானத்துக்கும் பங்கு வேண்டும்

காரைக்குடி வட்டாரத்தில் இவ்வாண்டு கால்பந்தில் கொடிகட்டிப் பறந்த கல்லூரியின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கண்குளிரப் பார்த்தோம். கண்டபடி தூக்கி அடிக்காமல், பந்தைத் தரையிலேயே வைத்து, மூன்று நான்கு குட்டிப் பாஸில் நடுக்களத்தைத் தாண்டினார்கள். பந்து பறிபோன மறுநொடியே பக்கத்தில் நின்ற இருவர் பாய்ந்து மறித்தார்கள். பெரிய நகரத்து அணிகள் திணறியது அதனால்தான். விழா எடுங்கள், மேளம் கொட்டுங்கள். ஆனால் அதற்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கை மைதானத்துக்குத் திருப்புங்கள்.

நம் பக்கம் சரளை கலந்த செம்மண். வெயிலில் காய்ந்து இறுகிவிட்டால் பந்து தாறுமாறாக எகிறும், சறுக்கித் தடுப்பவனின் தொடைத்தோல் உரியும், ஓடித் திரும்பும் அதிர்ச்சி முழுவதும் கணுக்காலிலும் முழங்காலிலும் இறங்கும். சீசன் கடைசியில் தற்காப்பில் (பேக்) ஆடியவர்கள் காலில் கட்டோடு இறங்கியதை நீங்களும் பார்த்தீர்கள்.

கோடை விடுமுறையில் மேல்மண்ணை நாலு அங்குலம் கிளறிச் சரளையைச் சலித்து எடுக்க வேண்டும். பிறகு வாட்டம், அதாவது தண்ணீர் வடிய விடும் சரிவு. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நடுவிலிருந்து இரு பக்கக் கோட்டுக்கும் 100க்கு 1 சரிவு வேண்டும். 64 மீட்டர் அகல மைதானத்தில் நடுப்பகுதி ஓரத்தைவிட 32 செ.மீ. உயர்ந்திருக்கும். வாட்டம் பார்க்காமல் லாரி லாரியாக மண் கொட்டினால் ஐப்பசி மழையில் கோல் முன்னால் தண்ணீர் கட்டி நிற்கும், போட்ட காசும் கரைந்துபோகும். முழு மைதானத்துக்கும் பணம் பற்றாவிட்டால், கீப்பர் விழுந்து எழும் இடமான 18.32க்கு 5.5 மீட்டர் கட்டத்தை இரண்டு பக்கமும் முதலில் பண்படுத்துங்கள்.

புல்லுக்கு வெளியூர் ரகம் தேடி அலைய வேண்டாம், அருகம்புல்லே போதும். புரட்டாசியில் வேருள்ள துண்டுகளை அரையடிக்கு ஒன்றாக நட்டு, இரண்டு மாதம் யாரும் மிதிக்காமல் காக்க வேண்டும். அதே சமயத்தில் போட்டிகளும் வரும் என்பதால் இந்த ஆண்டு பாதி மைதானம், அடுத்த ஆண்டு மறுபாதி என்று நடுங்கள். புல் பிடிக்காத பாதியில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்தே ஆக வேண்டும். சதுர மீட்டருக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும் பாதி மைதானமான 3,200 சதுர மீட்டருக்கு 6,400 லிட்டர்.

மற்றவை சின்னச் செலவுகள். கட்டாந்தரையில் இரும்பு ஸ்டட் (பூட்ஸ் அடியில் உள்ள குமிழ்) உதவாது. எண்ணிக்கை கூடிய குட்டை ரப்பர் ஸ்டட் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். பந்தின் காற்று விதிப்படி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். நம் தரைக்கு 9ஐ ஒட்டி வைத்தால் எகிறல் குறையும். வெயிலில் கிடந்த பந்தில் அழுத்தம் ஏறிவிடும், ஆகவே ஆட்டத்துக்கு முன் மறுபடி அளக்க ஒரு கேஜ் வேண்டும். காயம் தடுக்க வகுத்த ஃபிஃபா 11+ வார்ம்-அப் 20 நிமிடம்தான், வாரம் இரண்டு முறையாவது நடக்கட்டும். அதில் தொடைப் பின்தசைக்கான பயிற்சியைத்தான் பையன்கள் முதலில் தட்டிக்கழிப்பார்கள். அதை விடவே கூடாது.

விழாச் செலவை முடிவுசெய்யும் கூட்டத்திலேயே இதையும் வையுங்கள். வாட்டம் பார்க்கவும் புல் நடவும் நாங்கள் வந்து நிற்கிறோம், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிக் கால்பந்துப் பயிற்சியாளர்களும் பழைய ஆட்டக்காரர்களும்