கணக்குப் போடும் கணினிக்குத் தரவு தெரிய வேண்டியதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த குவாண்டம் கணினிக் கட்டுரையைக் கல்லூரியில் என் மாணவிகளுக்கும் படித்துக் காட்டினேன். இன்றைய மறைக்குறிகளை அந்தக் கணினிகள் ஒருநாள் உடைத்துவிடும் என்ற அபாயத்தை நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். அதைத் தடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், அந்தக் கணினிகளுக்கும் ஈடுகொடுக்கும் மறைக்குறிகளுக்காக 2024 ஆகஸ்டில் மூன்று புதிய தரங்களை வெளியிட்டுவிட்டது. கட்டுரை தொடாத கேள்வி வேறு. நாமே நம் தரவைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லும்போது, கணினியின் சொந்தக்காரர் அதைப் பார்க்காமல் இருக்க என்ன வழி?

குவாண்டம் கணினிகளை ஆளுக்கொன்று வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. 2016-ல் ஐபிஎம் தன் ஐந்து க்யூபிட் (குவாண்டம் கணினியில் தகவலைத் தாங்கும் அடிப்படை அலகு) கணினியை இணையம் வழியே திறந்துவிட்டதிலிருந்து, வேறு யாருடைய கணினியிலோ ஓட்டுவதுதான் வழக்கம். நம் கட்டளைகள் வழியில் பூட்டுப் போட்டுத்தான் போகின்றன. ஆனால் போய்ச் சேர்ந்ததும் பூட்டைத் திறந்தால்தான் ஓட்ட முடியும். ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை அளவு, 'இந்த க்யூபிட்டை இத்தனை டிகிரி சுழற்று' என்ற கட்டளையாக அதற்குள் இருக்கலாம். கோணத்தைப் படித்தவர் நோயாளியின் அறிக்கையைப் படித்த மாதிரிதான்.

இதற்கு வழி இருக்கிறது. 2009-ல் ஆன் பிராட்பென்ட், ஜோசப் ஃபிட்சைமன்ஸ், எல்ஹாம் கஷெஃபி என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதை முன்வைத்தார்கள். வாடிக்கையாளர் ஒவ்வொரு க்யூபிட்டையும் எட்டுக் கோணங்களில் ஏதோ ஒன்றில் வைத்து அனுப்புகிறார். எந்தக் கோணம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கணினி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, அவர் சொல்லும் கோணத்தில் ஒவ்வொன்றாக அளக்கிறது. அவர் சொல்வதோ உண்மையான கோணம் அல்ல. தன் ரகசியக் கோணத்தைக் கூட்டி, சில சமயம் 180 டிகிரியும் சேர்த்துச் சொல்கிறார். கணினி காண்பது வெறும் தாறுமாறான எண்கள். விடையிலும் எந்த 0-வை 1 ஆக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். கணக்கு எவ்வளவு பெரியது என்பது தவிர வேறெதுவும் வெளியே கசியாது.

பின்னாளில் இதில் பொறிகளையும் சேர்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். விடை முன்கூட்டியே தெரிந்த சில க்யூபிட்களை இடையிடையே கலந்துவிடுகிறார்கள். எது பொறி என்று கணினிக்குத் தெரியாது. ஏமாற்றப் பார்த்தால் அங்கே மாட்டிக்கொள்ளும்.

ஏட்டோடு நின்றுபோன யோசனை அல்ல இது. 2012-ல் வியன்னாவில் ஒளித்துகள்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். 2024-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் அயனிகளைக் கொண்டு பொறிகளோடு சேர்த்தே செய்துகாட்டியது. வாடிக்கையாளர் பக்கம் தேவைப்பட்டது கண்ணாடி இழை இணைப்பும், ஒளித்துகளை அளக்கும் எளிய கருவியும்தான். உண்மைதான், இன்னும் சிறிய அளவுதான். தூரம் கூடக்கூட இழையில் துகள்கள் தொலைந்தும் போகின்றன. ஆனால் சாதாரணக் கணினி மட்டுமே வைத்திருப்பவரும் குவாண்டம் கணினியின் விடையைச் சரிபார்க்கலாம் என்று கணினி அறிவியல் ஆய்வாளர் ஊர்மிளா மகாதேவ் 2018-ல் காட்டிவிட்டார். அதனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நம் ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியது. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் வரை கொண்ட கணினிகள் இலக்கு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. மக்கள் பணத்தில் வரும் கணினிகளில் இந்த முறைக்கான இணைப்பு வடிவமைப்பிலேயே இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், வெளியிலிருந்து க்யூபிட் வர வாசலே இல்லாத இயந்திரத்தைப் பிரித்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

அந்தத் திட்டத்தின் குவாண்டம் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐஐடியில்தான் இருக்கிறது. உங்கள் நிருபர் அங்கே சென்று இந்தக் கேள்வியை நேராகக் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை,
திருநெல்வேலி