வெட்டிவிட்ட அடிவரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்துத் தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் 'எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வேதக் கதை சொல்ல வைத்தவை' என்று எல்லா ஜன்னல்களையும் ஒரே வரியில் அடக்கியதுதான் இடிக்கிறது. யவீரு என்பவரின் இறந்துபோன மகளை இயேசு உயிரோடு எழுப்பும் ஜன்னலை 1880களைச் சேர்ந்தது என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். 1880லேயே அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்பு கட்டாயமாகிவிட்டது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு எதற்கு அத்தனை ஜன்னல்?

பதில் ஜன்னலின் அடியில் இருக்கும். இன்னார் நினைவாக, இன்னார் வைத்தது என்று ஒரு வரி. நம்மூரில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுகிறோமே, கிட்டத்தட்ட அந்த வழக்கம்தான். 1640களில், கோயிலில் உருவங்களே கூடாது என்ற பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் பழைய கண்ணாடிகளை நிறைய உடைத்துப் போட்டார்கள். இன்று நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை விக்டோரியா ராணி காலத்தில் (1837–1901) வைத்தவை. அவற்றில் ஏராளமானவை நினைவு ஜன்னல்கள். இறந்தவருக்குத் தகுந்தாற்போல் காட்சியும் மாறும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் யவீருவின் மகளையோ, சிறுபிள்ளைகளை இயேசு ஆசீர்வதிப்பதையோ வைத்தார்கள். தானதருமம் செய்த அம்மாளுக்கு, ஏழைகளுக்குத் துணி தைத்துக்கொடுத்த தொற்காள். வைத்தியருக்கு, அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டிய நல்ல சமாரியன். போரில் செத்தவருக்கு, நூற்றுக்கு அதிபதி என்ற ரோமப் படைத்தலைவன். எல்லா இடத்திலும் இப்படியே என்று சொல்ல மாட்டேன். ஆனால் காட்சியைப் பார்த்ததும் அடிவரியைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மகள் வீட்டுக்கு பர்மிங்காம் வரும்போதெல்லாம் செயின்ட் பிலிப்ஸ் பேராலயத்தில் போய் உட்காருவேன். அங்கே ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்து, வில்லியம் மோரிஸ் நிறுவனம் செய்த நான்கு பெரிய ஜன்னல்கள் உண்டு. பர்ன்-ஜோன்ஸ் அந்த ஊர்க்காரர். ஞானஸ்நானம் பெற்றதும் அதே கோயிலில். 1885இல், இயேசு பரலோகத்துக்கு ஏறிப்போகும் பரமேறுதல் ஜன்னல் வந்தது. அதைப் பார்த்துத் தானே சொக்கிப்போய்ப் பக்கத்து ஜன்னல்களுக்கும் ஒத்துக்கொண்டதாகத் தன்னையே கிண்டல் செய்து எழுதி வைத்திருக்கிறார். கிறிஸ்து பிறப்பும் சிலுவைப்பாடும் 1887இல் வந்தன. பணம் கொடுத்த அம்மாள் ஒரு நிபந்தனை போட்டாராம்: பிறப்புக் காட்சியில் மாடு இருக்கக் கூடாது! கிறிஸ்துமஸ் குடில் கட்டும் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். ஆனாலும் அங்கே மாடு கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

மேற்கே இருக்கும் ஜன்னல், உலக முடிவில் கிறிஸ்து எல்லாரையும் நியாயந்தீர்க்கும் 'கடைசி நியாயத்தீர்ப்பு', 1897இல் வைத்தது. அது ஹென்றி பவுல்பி என்ற பிஷப்பின் நினைவாக. மேலே கிறிஸ்து, நடுவில் சரிந்து விழும் நகரம், கீழே அண்ணாந்து பார்க்கும் ஜனங்கள். பிஷப்புக்குப் போய் நியாயத்தீர்ப்பா என்று முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சாயங்கால வெயிலில் அந்தச் சிவப்பு பற்றிக்கொள்ளும்போது சிரிப்பு நின்றுவிடும். 1940 நவம்பரில் அந்தக் கோயில்மீது குண்டு விழுந்தது. ஜன்னல்களை அதற்கு முன்பே கழற்றி வேல்ஸில் ஒரு சிலேட்டுச் சுரங்கத்தில் பத்திரப்படுத்தியிருந்ததால் தப்பின.

இன்னொரு சின்னத் திருத்தம். 'கண்ணாடியில் தீட்டிய வண்ண ஓவியம்' என்று எழுதியிருந்தீர்கள். இவற்றில் பெரும்பாலும் வண்ணம் கண்ணாடியை உருக்கும்போதே சேர்வது. தூரிகை வருவது முகம், விரல், துணி மடிப்பு இவற்றுக்குத்தான். அந்தக் கறுப்புக் கோடுகளைச் சூளையில் சுட்டுப் பதியவைப்பார்கள். மஞ்சளுக்கு மட்டும் வெள்ளி உப்பைப் பூசிச் சுடுவதும் உண்டு. அப்புறம் துண்டுகளை ஈயப்பட்டியில் கோப்பார்கள்.

சரி, எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். யவீருவின் மகள் படத்தில் கட்டிலுக்குக் கீழே ஓர் அங்குலத்தைப் பக்க வடிவமைப்பில் வெட்டியிருக்கிறீர்கள். அங்கே ஒரு குழந்தையின் பெயர் இருந்திருக்கும் என்று என் ஊகம். முழுப்படம் உங்களிடம் இருந்தால் அடுத்த இதழில் போடுங்களேன். சின்னதாக இருந்தாலும் போதும், எழுத்து தெரிந்தால் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பர்மிங்காமிலிருந்து