காயடித்த குதிரைக்கு வாரிசு ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க டிராட்டிங் (பாய்ச்சலில்லாமல் வண்டி இழுத்தபடி ஓடும் பந்தயம்) குதிரை கிரேஹவுண்டைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘இன்று அங்கே ஓடும் குதிரைகளில் பாதி இதன் வாரிசுகளே’ என்ற வரி வந்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கிரேஹவுண்ட் காயடிக்கப்பட்ட குதிரை ஐயா. முப்பத்திரண்டு ஆண்டு கால்நடை மருத்துவராக இருந்தவன் நான். என் கையால் காயடித்த எந்தக் காளைக்கும் அதற்குப் பிறகு கன்று பிறந்ததாக ஒரு தகவலும் வந்து சேரவில்லை. உங்கள் இதழின் அருளால் கிரேஹவுண்டுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வாய்த்திருக்கிறது.

கட்டுரையாளர் எங்கே வழுக்கினார் என்பதும் தெரிகிறது. அங்குள்ள டிராட்டிங் குதிரைகளில் பாதி அல்ல, ஏறக்குறைய எல்லாமே ஹாம்பிள்டோனியன் என்ற குதிரையின் வழி வந்தவை. 1849இல் பிறந்தது. குட்டியாக இருந்தபோது தாயோடு சேர்த்து 125 டாலருக்கு வாங்கியவர் ரைஸ்டிக் என்ற பண்ணையாள். முறையான பந்தயம் எதிலும் ஓடாமலே 1,331 குட்டிகளுக்குத் தந்தையானது அது. கிரேஹவுண்டின் தகப்பன் ‘கை ஆபி’ என்ற குதிரை, தாய் எலிசபெத். இரு வழியிலும் ஏறிப் போனால் ஹாம்பிள்டோனியனிடம்தான் போய் நிற்கும். 1932இல் பிறந்து, 900 டாலருக்கு விலைபோய், 1935இல் நியூயார்க் மாநிலத்துக் கோஷன் ஊரில் ஹாம்பிள்டோனியன் பெயரிலேயே நடக்கும் பந்தயத்தை வென்று, 1938இல் ஒரு மைலை 1 நிமிடம் 55¼ வினாடியில் கடந்த கிரேஹவுண்டோடு அந்தக் கிளை முடிந்துபோயிற்று. அந்த நேரத்தை முறியடிக்க 1969 வரை, நெவல் பிரைடு என்ற குதிரை வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு வேகக் குதிரைக்கு வாரிசே இல்லை என்பதுதான் கட்டுரையின் உயிர், அதைத்தான் விட்டுவிட்டீர்கள்.

‘ஜாக்கி முதுகில் அமர்ந்து நாலுகால் பாய்ச்சலில் பறந்தார்’ என்பதற்கும் ஒரு வார்த்தை. டிராட்டிங்கில் மூலைக்கு மூலை கால்கள் ஜோடியாக எழுந்து விழ வேண்டும். பாய்ச்சலுக்கு மாறினால் ஓட்டுபவர் கடிவாளத்தை இழுத்துப் பழைய நடைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அதற்குள் மற்ற குதிரைகள் முந்திவிடும். அவர் உட்காருவது முதுகில் அல்ல, பின்னால் இரண்டு சக்கர வண்டியில். ரேக்ளா பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்ச் சிறுவனைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பான். கட்டுரைக்கு நடுவே அச்சாகியிருப்பது கிரேஹவுண்ட் என்ற அதே பெயருள்ள நாயினத்தின் படம் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

கோஷனில் உள்ள குதிரைப் பந்தய அருங்காட்சியகத்துக்கு மகள் என்னை அழைத்துப் போயிருக்கிறாள். பக்கத்து ஊரான செஸ்டரில் ஹாம்பிள்டோனியனின் நினைவுத் தூணையும் பார்த்தேன். திரும்பி வந்து ஆறு பக்கம் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். ‘இடப் பற்றாக்குறை’ என்று அட்டை வந்தது. நாய்க்கு அரைப் பக்கம் கிடைத்திருக்கிறது.

அதற்கும் முன்பு, உம்பளச்சேரி மாட்டின் படத்துக்குக் காங்கேயம் என்று பெயரிட்டதைச் சுட்டி எழுதினேன். அந்தக் கடிதத்தை வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் ‘காயடித்த’ என்று நான் எழுதியதைப் ‘பக்குவப்படுத்திய’ என்று மாற்றினீர்கள். பக்குவப்படுத்துவது மாங்காயை ஐயா. அந்தச் சொல்லுக்குக் கூசுகிற அலுவலகத்தில், காயடித்த குதிரைக்கு வாரிசு பிறப்பதில் வியப்பில்லைதான்.

அடுத்த இதழில் இரண்டு வரியில் திருத்தம் போட்டால் போதும். சொல்லை மாற்ற வேண்டாம். சந்தா கட்டியும் மார்கழி இதழ் எனக்கு வரவில்லை. அதையும் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
தாராபுரம்.