பெயரைத் தொலைத்தால் காணியும் போகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பஹாமாஸ் என்ற பெயர் தமிழ்ச் செய்தித்தாள்களில் பெரும்பாலும் இரண்டு வேளைகளில்தான் கண்ணில் படுகிறது. ஒன்று, புயல் அடிக்கும்போது. மற்றது, சுற்றுலாப் பக்கத்தில் வெள்ளை மணல் படம் போடும்போது. சுமார் 700 தீவுகள், அவற்றில் மக்கள் குடியிருப்பவை 30 அளவில், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4 லட்சம் பேர். 1973 ஜூலை 10 அன்று விடுதலை பெற்ற நாடு. அங்கே மரபைக் காப்பது என்றதும் கோட்டையும் பீரங்கியும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. முதலில் காக்க வேண்டியவை பெயர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. யாருடைய பிள்ளை யார், எந்தத் தீவு, எந்த ஊர் என்ற விவரம் போய்விட்டால், அங்கே வரலாறு மட்டும் போவதில்லை, காணியும் போய்விடும்.

தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்குக் குடும்பப் பெயரின் சிக்கல் எளிதில் பிடிபடாது. எக்சூமா தீவில் ரோல் என்ற குடும்பப் பெயர் தெருவுக்குத் தெரு இருக்கும். ரோல்வில், ரோல்டவுன் என்று ஊர்களே உண்டு. இவர்கள் எல்லோரும் ஒரே இரத்தம் அல்லர். அமெரிக்கப் புரட்சிக்குப் பின் டெனிஸ் ரோல் என்ற ஆங்கிலேயர் புளோரிடாவிலிருந்து அடிமைகளை இங்கே குடியேற்றினார். அவர் மகன் ஜான், பின்னாளில் ரோல் பிரபு, அவர்களுக்கு உடைமையாளரானார். அடிமைத்தளையிலிருந்து விடுதலையான பின் அம்மக்கள் உடைமையாளரின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இரண்டு ரோல்களைக் கண்டவுடன் ஒரே கொடிவழியில் சேர்ப்பதுதான் குடும்ப வரலாறு தேடுவோர் செய்யும் முதல் தவறு. அந்தப் பெயர் ஒரு பண்ணையைக் காட்டுமே தவிர ஒரு தகப்பனைக் காட்டாது.

இதே எக்சூமாவில் 1830-இல் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். குடும்பங்களைப் பிரித்துக் கேட் தீவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பாம்பி என்ற அடிமை இளைஞர் தலைமையில் ஒரு கூட்டம் காட்டுக்குள் ஒளிந்தது. பிறகு உடைமையாளரின் உப்புப் படகையே எடுத்துக்கொண்டு ஆளுநரிடம் முறையிடத் தலைநகர் நாசோவுக்குப் பாய் விரித்தது. பாம்பிக்கு 39 கசையடி கிடைத்தது. ஆனால் அவர்கள் எக்சூமாவிலேயே தங்கிவிட்டார்கள். அந்த மண்ணை ரோல் வழியினர் இன்றும் பொதுக் காணியாக ஆண்டு வருகிறார்கள். வெளியாருக்கு அதை விற்க முடியாது. அதில் வீடு கட்டும் உரிமை, அந்த வழியில் வந்தவர் என்று காட்டுவதில்தான் இருக்கிறது.

தேடலை எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கி நடத்த வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1850 முதல் உண்டு. அதற்கு முன்னால் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண ஏடுகள். அதற்கும் முன்னால் அடிமைப் பதிவேடுகள்: 1821-22, 1825, 1828, 1831, 1834. இவை யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் 2009-இல் சேர்க்கப்பட்ட கரீபியப் பதிவேடுகளின் பகுதி. அவற்றில் உடைமையாளர் பெயரின் கீழ் ஒவ்வோர் அடிமையின் முதற்பெயர், ஆணா பெண்ணா, வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவிலேயே பிறந்தவரா, என்ன வேலை என்பவை இருக்கும். குடும்பப் பெயர் பெரும்பாலும் இராது. ஒரே பண்ணையில் மூன்று நான்சி இருந்தால் என்ன செய்வது? தனி ஆளைத் தேடக் கூடாது, கொத்தாகத் தேட வேண்டும். தாய், அவள் பிள்ளைகள் நால்வர், அவர்களுக்கு இடையே உள்ள வயது இடைவெளி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதே கொத்து அடுத்த ஏட்டில் மூன்று வயது கூடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கொத்து பொருந்தினால்தான் அது அவர்கள் குடும்பம். வயது துல்லியமாகப் பொருந்த வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. பெரியவர்களின் வயதை எழுத்தர் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்.

எத்தனை தேடியும் இந்த ஏடுகளில் சிலர் கிடைக்கவே மாட்டார்கள். காரணம் உண்டு. 1807-இல் அடிமை வணிகம் தடைசெய்யப்பட்ட பின், பிரிட்டிஷ் கடற்படை பிடித்த வேற்று நாட்டுக் கப்பல்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் பஹாமாஸில் இறக்கப்பட்டார்கள். அவர்கள் சட்டப்படி அடிமைகள் அல்லர், சில ஆண்டுகள் ஒப்பந்த வேலைக்குக் கட்டப்பட்டவர்கள். அடிலெய்ட், கார்மைக்கேல், கேம்பியர் ஆகிய ஊர்கள் அவர்களுக்கென அமைந்தவை. பாட்டி வழி அந்த ஊர்களுக்குப் போனால் அடிமைப் பதிவேட்டை மூடிவிட்டுச் சுங்க அதிகாரிகளின் பட்டியல்களையும் தேவாலய ஏடுகளையும் திறக்க வேண்டும். தவறான ஏட்டில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடந்து, நம் வம்சத்துக்குப் பதிவே இல்லை என்று கைவிட்டவர்கள் பலர்.

இடப்பெயரில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 1926-க்கு முந்தைய ஆவணத்தில் சான் சால்வடார் என்று இருந்தால் அது இன்றைய சான் சால்வடார் தீவு அல்ல, கேட் தீவு. கொலம்பஸ் 1492-இல் கரையிறங்கிய இடம் எது என்ற வாதத்தில் அந்தப் பெயர் 1926-இல் வாட்லிங் தீவுக்கு மாற்றப்பட்டது. இதை அறியாதவர் ஒரு குடும்பத்தையே வேறு தீவில் கொண்டுபோய் நட்டுவிடுவார். தி பிளஃப் என்ற ஊர் எலூத்ராவிலும் உண்டு, கேட் தீவிலும் உண்டு. ஆகவே ஊரை மட்டும் எழுதாமல் தீவையும், ஆவணத்தின் ஆண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை பிறப்புப் பதிவில் தாய் பெயரிலும், திருமணப் பதிவில் தந்தை பெயரிலும் வருவது சாதாரணம். இருவரும் ஒருவரே என்று காட்ட ஞானஸ்நானப் பதிவுதான் பல நேரம் பாலமாகும்.

தலைப்பில் சொன்ன காணிக்கு வருகிறோம். பாகம் பிரிக்காமல் தலைமுறை தலைமுறையாக ஆளும் நிலத்தை அங்கே தலைமுறைச் சொத்து என்றே சொல்கிறார்கள். பாட்டன் பெயரில் பட்டா இருக்கும், ஆண்டு அனுபவிப்பது நாற்பது பேராக இருக்கும். 2002-இல் வாரிசுச் சட்டம் மாறும் வரை, உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த ஆண் வாரிசுக்கே போனது. எனவே 2002-க்கு முந்தைய ஒவ்வோர் இறப்புக்கும் நாளும் வாரிசு வரிசையும் தெரிய வேண்டும். 1959-ஆம் ஆண்டின் உரிமை தெளிவுறுத்தும் சட்டப்படி ஒருவர் நீதிமன்றம் போய், இந்த நிலம் என்னுடையது எனச் சான்று கேட்கலாம். செய்தித்தாளில் அறிவிப்பு வரும். எதிர்ப்பு உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் தம் உரிமையைத் தாக்கல் செய்ய வேண்டும். மயாமியிலோ நாசோவிலோ இருக்கும் பேரப்பிள்ளைகள் தீவின் பெயர் தாங்கிய அந்தச் சின்ன அறிவிப்பைப் பார்க்காமல் விட்டால் நிலம் கைமாறிவிடும். பார்த்தாலும், பாட்டனிலிருந்து தம்மிடம் வரை பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளைச் சங்கிலியாகக் கோத்து வைத்திருந்தால்தான் வாதாட முடியும். அந்தச் சங்கிலியை அறிவிப்பு வந்த பிறகு தேடத் தொடங்கினால் நாள் போதாது. குடும்ப மரம் வரைவது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

சான்றுகளுக்கு நடுவே விழும் இடைவெளிகளை முதியவர்களின் நினைவுதான் நிரப்பும். உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் பொதுவான பேச்சே வரும். கேள்வி கூராக இருக்க வேண்டும். பிரசவம் பார்த்த மருத்துவச்சி யார்? ஞானத்தாய் யார்? தபால் படகின் பெயர் என்ன, அதன் கேப்டன் யார்? ஆண்டு நினைவில்லை என்றால் புயலை வைத்துக் கேட்க வேண்டும். 1929 புயலுக்கு முன்பா பின்பா? அபகோவை அழித்த 1932 புயலின்போது நடக்கும் குழந்தையா, கைக்குழந்தையா? 1938-39-இல் கடற்பஞ்சுகள் நோய் கண்டு அழிந்தபோது அப்பா என்ன வேலைக்குப் போனார்? 1943-இல் தொடங்கிய அமெரிக்கப் பண்ணை ஒப்பந்தத்தில் போனவர் யார், திரும்பாதவர் யார்? கூப்பிடும் பெயரையும் பதிவுப் பெயரையும் தனித்தனியே கேட்க வேண்டும், ஏனென்றால் ஊருக்குத் தெரிந்த பெயர் எந்த ஏட்டிலும் இராது.

ஒலிப்பதிவைச் சுருக்கக் கோப்பாக இல்லாமல் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். கைப்பேசியானால் விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கடல் பார்த்த சன்னலைச் சாத்துங்கள். நாள், இடம், இருப்பவர்கள் பெயர் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து மறுபடி போங்கள். முதல் நாள் கிளறிய நினைவு இரண்டாம் நாள்தான் முழுதாக மேலே வரும்.

அச்சில் இருக்கும் மிகச் சிறந்த ஆவணம் ஈமச்சடங்குப் புத்தகம். பஹாமாஸில் இறந்தவரின் பிள்ளைகள், பேரர்கள், மருமக்கள், ஞானப்பிள்ளைகள், நண்பர்கள் என்று பெயர்கள் பக்கம் பக்கமாக அச்சாகும், யார் எந்த ஊரில் என்பதும் சேர்ந்து வரும். படித்துவிட்டுத் தூக்கிப் போடும் அதை ஒவ்வொரு வீடும் சேர்த்து வைத்தாலே ஒரு தீவின் மக்கள்தொகைக் கணக்கு கைக்கு வந்துவிடும்.

காகிதத்துக்கு எதிரிகள் ஈரமும் உப்பும் கரையானும். லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் உள்ளே அடைபட்டுத் தாளைத் தின்னும், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் அப்படியே. ஆவணத்தை 400 டிபிஐயிலும் புகைப்படத்தை 600 டிபிஐயிலும் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து, படத்தின் பின்பக்க எழுத்தையும் எடுங்கள். பிளாஸ்டிக் பெட்டியில் அடைக்கும் முன் தாள் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை உள்ளேயே வளரும். கடல்நீரில் நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, 48 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும். ஒட்டிக்கொண்ட புகைப்படங்களை ஒட்டியபடியே உலர விடக் கூடாது. குளிர்ந்த சுத்தமான நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்து, படப்பக்கம் மேலே இருக்குமாறு நிழலில் பரப்ப வேண்டும். உறைபெட்டியில் வைத்துத் தள்ளிப்போடலாம் என்பார்கள். புயலுக்குப் பின் தீவில் மின்சாரம் இராது என்பதால் அந்த வழியை நம்பி இருக்க முடியாது.

மற்ற மரபுகளும் இருக்கின்றன. ஜன்கனூ என்ற தெரு ஊர்வலத் திருவிழா 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. டிசம்பர் 26-இலும் புத்தாண்டு நாளிலும் விடியுமுன் நாசோவின் பே தெருவில் ஆட்டுத்தோல் முரசும் மாட்டு மணியும் அதிரும். அட்டையின்மேல் விளிம்பு நறுக்கிய கிரேப் தாளை வரிவரியாக ஒட்டிச் செய்த அந்த உடையில் ஒரு மழைத்துளி பட்டாலே சாயம் இறங்கிவிடும். ஆகவே உடையை விட அதைச் செய்யும் கையைப் படம்பிடிப்பதே காப்பது. ஆண்ட்ரோஸின் ரெட் பேஸ் ஊரில், புளோரிடாவிலிருந்து 1821 வாக்கில் தப்பி வந்த கறுப்பு செமினோல்களின் (செமினோல் பழங்குடியினரோடு வாழ்ந்த கறுப்பின மக்களின்) வழியினர் தண்ணீர் ஒழுகாத அளவு நெருக்கமாகக் கூடை பின்னுகிறார்கள். பழைய சுண்ணாம்புச் சுவர்களின்மேல் சிமெண்ட் பூசுவது அங்கேயும் நடக்கிறது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் உப்புப் பூத்துக் கல்லே பொடிந்து உதிரும். சுட்ட சங்குச் சுண்ணாம்பால் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பஹாமாஸுக்குத் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போகவில்லை. குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் போனார்கள். காரைக்காலில் கப்பலேறிய தாத்தாவின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் வேரைத் தொலைத்த குடும்பங்கள் அங்கே உண்டு. கொத்தாகத் தேடும் முறை அவர்களுக்கும் அப்படியே உதவும்.

2019 செப்டம்பர் 1-இல் டோரியன் புயல் மணிக்கு 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு அபகோவின் எல்போ கேயில் கரையேறியது, பிறகு கிராண்ட் பஹாமாவின்மேல் ஒரு நாளுக்கு மேல் நகராமல் நின்றது. வீட்டில் ஒரு பிரதி, அடுத்த தீவில் உள்ள தங்கை வீட்டில் ஒரு பிரதி என்று வைத்திருந்தாலும் இரண்டும் ஒரே புயலில் போயிருக்கும். எனவே மூன்று பிரதி வேண்டும். ஒன்று வீட்டில், ஒன்று நாசோவில், ஒன்று நாட்டுக்கு வெளியே. 1971 முதல் இயங்கும் அரசு ஆவணக் காப்பகம் நாசோவில் இருக்கிறது, குடும்ப ஆவணங்கள் குறித்து அங்கே கேட்கலாம். புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிகிறது. பிரதி எடுக்கும் வேலை மே மாதத்துக்குள் முடிய வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தத் தீவுகளில் புயல் என்ற செய்தி வரும்போது, காற்றின் வேகத்தோடு தேவாலய ஏடுகளும் ஊர் அருங்காட்சியகமும் என்ன ஆயின என்பதையும் இரண்டு வரி கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
கரீபியக் குடும்ப வரலாற்றில் ஈடுபாடுள்ள வாசகர்கள்